ஏழு வயதுப் பிள்ளையைத் தனியாக விமானத்தில் ஏற்றலாமா?
கொல்லிமலையில் எழுந்த கேள்வியும் விமான நிறுவனங்களின் விதிகளும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில், செம்மேடு பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் ஒரு பாட்டி கேட்ட கேள்வி இது. மகனுக்கும் மருமகளுக்கும் ஹைதராபாத்தில் கட்டட வேலை. ஏழு வயதுப் பேரன் பாட்டியிடம் இருந்து படிக்கிறான். பரீட்சை லீவுக்கு அவனை அப்பா அம்மாவிடம் அனுப்ப வேண்டும். ரயிலில் கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லை. சேலத்திலிருந்து ஹைதராபாத்துக்கு விமானம் போகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "புள்ளைய ஒண்டியா ஏத்தி உட்டா பத்திரமா கூட்டிட்டுப் போவாங்களாங்க?"

கூட்டிக்கொண்டு போவார்கள். 5 வயது நிரம்பி 12 வயது ஆகாத குழந்தை பெரியவர் துணையில்லாமல் பறப்பதற்கு இந்தியாவின் பெரிய விமான நிறுவனங்கள் தனியாக ஒரு சேவையே வைத்திருக்கின்றன. விமான ஊழியர்கள் அந்தக் குழந்தையை 'யூ.எம்.' (அன்அகம்பனிட் மைனர்) என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 5 வயதுக்குக் கீழ் என்றால் தனியாக ஏற்ற மாட்டார்கள். 12 வயதைத் தாண்டிவிட்டால் பெரியவர்களைப் போலவே தனியாகப் போகலாம். சில நிறுவனங்களில் 12 தாண்டிய பிள்ளைக்கும் பணம் கட்டி அதே உதவியைக் கேட்டு வாங்கலாம்.

ஆக, பாட்டியின் பேரனுக்கு வயது சரி. விமானமும் இருக்கிறது. ஓமலூருக்கு அருகே காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையம் பல வருடங்கள் திறப்பதும் மூடுவதுமாகவே கிடந்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசின் உதான் திட்டத்தில் ட்ரூஜெட் நிறுவனம் சென்னைக்குப் பறந்தது. பிறகு அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் சேவையைத் தொடங்கிய பிறகுதான், சுற்றியுள்ள மலைக்கிராமத்து மக்களும் விமானத்தை ஒரு வண்டியாக நினைக்கத் தொடங்கினார்கள். திருப்பூர், பெங்களூரு, கேரளம் என்று வேலை தேடி இறங்கிப் போகும் குடும்பங்கள் நிறைந்த மலை இது. பிள்ளை ஒரு ஊரிலும் பெற்றவர்கள் ஒரு ஊரிலும் இருப்பது இங்கே சாதாரணம்.

அப்படியானால் என்னதான் தடை? பேரனின் பெயருக்கும் வயதுக்கும் ஆதாரமாகப் பாட்டி தன் மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பிறப்புச் சான்றிதழிலேயே அது தெரிந்தது. லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார். அப்பா பெயர் இருக்கிறது, அம்மா பெயர் இருக்கிறது, பிறந்த தேதி, நேரம், மருத்துவமனை எல்லாம் இருக்கிறது. குழந்தையின் பெயர் எழுத வேண்டிய கட்டம் மட்டும் காலி. பிரசவம் முடிந்து வீடு திரும்பும்போது பெயர் வைத்திருக்கவில்லை. வைத்த பிறகு யாரும் போய்ச் சேர்க்கவில்லை.

கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கும் குழந்தை

தனியாகப் பறக்கும் குழந்தைக்கான நடைமுறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டிக்கெட் எடுக்கும்போதே இது தனியாகப் போகும் பிள்ளை என்று நிறுவனத்திடம் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். மற்றவர்களைப் போல் போனில் டிக்கெட் எடுத்துவிட்டு நேரே போய் நின்றால், கவுண்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தச் சேவைக்கு டிக்கெட் விலையோடு தனிக் கட்டணம் உண்டு. இடையில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டிய பயணத்துக்குப் பெரும்பாலும் அனுமதி கிடையாது. நேராகப் போய் இறங்கும் விமானமாக இருக்க வேண்டும். ஒரு விமானத்தில் இத்தனை பிள்ளைகள்தான் என்ற வரம்பும் நிறுவனத்துக்கு நிறுவனம் உண்டு.

விமான நிலையத்தில் ஒரு படிவம் தருவார்கள். குழந்தையின் பெயர், வயது, முகவரி. ஏற்றிவிட வந்தவர் யார், என்ன உறவு, தொலைபேசி எண் என்ன. இறங்கும் ஊரில் அழைத்துப் போக வருபவர் யார், அவர் எண் என்ன. உலக விமான நிறுவனங்கள் பொதுவாகப் பயன்படுத்தும் படிவத்தில் குழந்தையின் செல்லப் பெயருக்கும், அது பேசும் மொழிக்கும்கூட இடம் இருக்கிறது. இதை வடிவமைத்தவருக்குக் குழந்தையைத் தெரிந்திருக்கிறது. மேகத்துக்கு நடுவே அழத் தொடங்கும் பிள்ளையை ஆதாரில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அழுகை நிற்காது.

படிவத்தில் கையெழுத்துப் போட்டதும் பிள்ளையை ஊழியரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் பாதுகாப்புச் சோதனை முடித்து விமானத்துக்குள் அழைத்துப் போய், பணிப்பெண்ணிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைப்பார். இறங்கும் ஊரில் அங்குள்ள ஊழியர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வார். கடைசியில் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர், புகைப்பட அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால்தான் பிள்ளை அவர் கைக்கு வரும். அப்பாவுக்கு வேலை என்று சித்தப்பா போய் நின்றால் கொடுக்க மாட்டார்கள். ஏற்றிவிட்டவரும் உடனே கிளம்பிவிடக் கூடாது. விமானம் தரையை விட்டு எழும்பும்வரை நிலையத்திலேயே இருக்க வேண்டும். ஓடுபாதை வரை போன விமானம் திரும்பிவந்த கதைகள் உண்டு.

ஒரு பிள்ளைக்கு இத்தனை கையெழுத்தா என்று தோன்றலாம். 2023 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவில் ஸ்பிரிட் ஏர்லைன்ஸில் நடந்ததைப் பாருங்கள். பிலடெல்பியாவிலிருந்து ஃபோர்ட் மையர்ஸுக்குப் பாட்டியைப் பார்க்கப் போன ஆறு வயதுச் சிறுவனைத் தவறான விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவன் ஆர்லாண்டோவில் போய் இறங்கினான். ஃபோர்ட் மையர்ஸ் விமான நிலையத்தில் காத்திருந்த பாட்டி, இறங்கியவர்களில் பேரனைக் காணாமல் பதறிப்போனார். பிள்ளைக்கு எதுவும் ஆகவில்லை, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. யாரோ ஒருவர் ஒரு இடத்தில் படிவத்தையும் போர்டிங் பாஸையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தவறியதன் விளைவு அது.

திருச்சியிலிருந்து வெளிநாடு போகும் குடும்பங்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கினால் பன்னாட்டு விமானத்துக்கு அருகில் இருப்பது திருச்சிதான். அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஸ்கூட் பறக்கிறது, கோலாலம்பூருக்கு ஏர்ஏசியா பறக்கிறது. மலிவான டிக்கெட் என்று எல்லோரும் இவற்றைத்தான் தேடுவார்கள். இரண்டிலுமே 12 வயதுக்குட்பட்ட குழந்தை தனியாகப் போக முடியாது. எமிரேட்ஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் போன்றவற்றில் 5 முதல் 11 வயது வரை இந்தச் சேவை உண்டு. ஒரே நாட்டுக்கு, ஒரே நாளில் பறக்கும் இரண்டு நிறுவனங்களுக்கு இரண்டு விதி. பணத்தைக் கட்டிய பிறகு இதைத் தெரிந்துகொள்ளும் குடும்பத்துக்கு முழுப் பணம் திரும்புவது அரிது.

பிறப்புச் சான்றிதழ் ஏன் முக்கியம் என்று நாமக்கல்லுக்குத் தெரியும்

பிறப்புச் சான்றிதழ் கேட்பதை அதிகாரிகளின் கெடுபிடி என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். வேறு ஊர்க்காரர்கள் அப்படி நினைத்தால் விட்டுவிடலாம். நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் நினைக்கக் கூடாது.

2019 ஏப்ரலில் ராசிபுரத்திலிருந்து ஒரு தொலைபேசி உரையாடல் வெளியானது. விருப்ப ஓய்வு பெற்ற ஒரு செவிலியர், பல ஆண்டுகளாகத் தான் குழந்தைகளை வாங்கி விற்பதை அதில் சாவகாசமாக விளக்கிக்கொண்டிருந்தார். ஆண் குழந்தைக்கு ஒரு விலை, பெண் குழந்தைக்கு ஒரு விலை, நிறத்துக்கு ஒரு விலை. குழந்தையோடு நகராட்சிப் பிறப்புச் சான்றிதழும் 'ஒரிஜினலாகவே' வாங்கித் தருவதாகச் சொன்னார், அதற்குத் தனிப் பணம். கேட்டவர்கள் உறைந்துபோனார்கள். போலீஸ் கைது செய்தது. கொல்லிமலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவரும் கைதானார். மலையில் வறுமையில் தவித்த தாய்மார்களிடமிருந்து குழந்தைகள் கைமாறியிருப்பது விசாரணையில் தெரிந்தது. வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. சுகாதாரத் துறையினர் ராசிபுரத்திலும் கொல்லிமலையிலும் பிறப்புப் பதிவேடுகளை வைத்துக்கொண்டு, பதிவான குழந்தை அந்தந்த வீட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்க இறங்கினார்கள். 2023 அக்டோபரில் மறுபடியும் இதே மாவட்டத்தில், திருச்செங்கோட்டில், குழந்தை விற்பனை வழக்கில் அரசு மருத்துவர் ஒருவரே கைதானார்.

எல்லா வழியிலும் குழந்தையைக் கடத்த நினைப்பவர்கள் உண்டு. பேருந்திலும் காரிலும் கைக்குழந்தையோடு போகிறவரை யாரும் கேட்பதில்லை. இந்தக் குழந்தை யார், உங்களுக்கு என்ன உறவு, வயதுக்கு என்ன ஆதாரம் என்று கேட்கும் இடங்கள் இந்த நாட்டில் மிகக் குறைவு. விமான நிலையத்தின் செக்-இன் கவுண்டர் அவற்றில் ஒன்று. ஆகவே அந்தக் கேள்வியை நான் வரவேற்கிறேன். இன்னும் அழுத்தமாகவே கேட்கட்டும்.

ஆனால் அதே கேள்வி நேர்மையான பாட்டியையும் நிறுத்திவைக்கிறது. விற்றவர்களிடம் குறையில்லாத சான்றிதழ் இருந்தது, பெற்றவர்களிடம் பெயர்க் கட்டம் காலியாக உள்ள சான்றிதழ் இருக்கிறது. இந்த அநியாயத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

சரிசெய்வது கஷ்டமான காரியமும் இல்லை. பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெயர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணமே கிடையாது. அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 வயது வரை சேர்க்கலாம். சிக்கல் எங்கே என்றால், குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். கொல்லிமலைத் தாய்க்குச் சிக்கலான பிரசவம் என்றால் ராசிபுரத்துக்கோ நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கொண்டு போகிறார்கள். பதிவும் அங்கேதான். பெயர் சேர்க்க வேண்டுமென்றால் சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி, அதற்கப்புறம் பேருந்து மாறி, ஒரு நாள் கூலியை இழந்து போக வேண்டும். போய் நிற்கும் நாளில் பதிவாளர் இல்லையென்றால் இன்னொரு நாள் கூலி.

1.10.2023 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதற்குப் பின் பிறந்தவர்கள் பாஸ்போர்ட் எடுக்கப் பிறந்த தேதிக்கான ஆதாரமாகப் பிறப்புச் சான்றிதழை மட்டுமே காட்ட முடியும். அப்பா அம்மாவுக்குச் செல்லுபடியான பள்ளிச் சான்றிதழ் இந்தத் தலைமுறைக்குச் செல்லாது.

கைக்குழந்தையும் மடியும்

குடும்பத்தோடு பறப்பவர்களுக்கு வேறு கணக்கு. நம் மக்கள் பஸ் கணக்கை வைத்துக்கொண்டு விமான நிலையம் போய் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டு அரசுப் பேருந்தில் 5 வயது வரை டிக்கெட் இல்லை, அதற்குமேல் 12 வரை அரை டிக்கெட். ரயிலிலும் 5 வயதுக்குக் கீழ் இலவசம். விமானத்தில் 2 வயது நிரம்பாத கைக்குழந்தைக்கே ஒரு தொகை கட்ட வேண்டும், மடிதான் அதற்கு இருக்கை. 2 வயது நிரம்பிவிட்டால் தனி இருக்கை, உள்நாட்டு விமானத்தில் பெரும்பாலும் பெரியவர்களுக்கான அதே விலை. போகும்போது 2 வயது ஆகாமல், திரும்பி வருவதற்குள் பிறந்த நாள் வந்துவிட்டால், திரும்பும் பயணத்துக்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

ஒரு பெரியவர் மடியில் ஒரு குழந்தைதான். இரட்டைக் குழந்தைகளோடு அம்மா மட்டும் தனியாகப் பறக்க முடியாது, இன்னொரு பெரியவர் கூட வர வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் மேலிருந்து ஆக்ஸிஜன் முகமூடி விழும். பெரியவர் முதலில் தான் மாட்டிக்கொண்டு, பிறகு குழந்தைக்கு மாட்ட வேண்டும். மயக்கம் வருவதற்குள் கிடைப்பது சில நொடிகள். இரண்டு குழந்தைகளுக்கு அந்த நொடிகள் போதாது.

மடியில் வைத்துக்கொள்வதே சரியா என்ற சர்ச்சை உலகத்தில் முப்பது வருடங்களுக்கு மேலாக நடக்கிறது. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் ஏர்லைன்ஸ் 232ஆம் எண் விமானம் அமெரிக்காவின் சூ சிட்டியில் விழுந்து நொறுங்கியது. அதற்கு முன் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன், அன்றைய விதிமுறைப்படி, மடிக்குழந்தைகளைத் தரையில், தங்கள் காலடியில் வைத்துக்கொள்ளும்படி பெற்றோர்களிடம் சொன்னார். அப்படி வைத்த ஒரு குழந்தை இறந்துபோனது. பிழைத்த தாய் தன்னிடம் வந்து நின்ற கணத்தை மறக்க முடியாமல், ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை வேண்டும் என்று பல்லாண்டுகள் போராடினார் ஜேன் பிரவுன். அந்நாட்டு விபத்து விசாரணை வாரியமும் அதையே பரிந்துரைத்தது. விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஏற்கவில்லை. குழந்தைக்கும் டிக்கெட் என்றால் குடும்பங்கள் காரில் போகத் தொடங்கும், சாலையில் அதைவிட அதிகம் பேர் சாவார்கள் என்பது அதன் வாதம். நம் நாட்டிலும் மடிதான் விதி. வசதி உள்ளவர்கள் கைக்குழந்தைக்கும் தனி இருக்கை வாங்கி, நிறுவனம் ஏற்றுக்கொள்ளும் குழந்தை இருக்கையைப் பொருத்தலாம். இல்லாதவர்கள், பணிப்பெண் தரும் சின்ன பெல்ட்டைத் தங்கள் பெல்ட்டில் கோத்துக் குழந்தையின் இடுப்பில் மாட்டச் சொன்னால், தூங்குகிறதே என்று தட்டிக்கழிக்காமல் மாட்டுங்கள். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் பால் கொடுத்தால் காது வலி தணியும். கொண்டை ஊசி வளைவுகளில் காதடைத்துப் பழகிய மலைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பெரிய பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு 2024 ஏப்ரலில் ஒரு நல்ல உத்தரவு வந்தது. அதுவரை, பக்கத்துப் பக்கத்து இருக்கை வேண்டுமென்றால் அதற்கெனப் பணம் கட்ட வேண்டும், கட்டாதவர்களைக் கணினி எங்கெங்கோ பிரித்து உட்காரவைக்கும். ஐந்து வயதுப் பிள்ளை யாரோ இருவருக்கு நடுவில், அம்மா பத்து வரிசை பின்னால். புகார்கள் குவிந்த பிறகு சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ தலையிட்டது. 12 வயது வரை உள்ள குழந்தைக்கு அப்பா, அம்மா அல்லது பாதுகாவலரில் ஒருவர் பக்கத்திலாவது இடம் ஒதுக்க வேண்டும், அதற்குப் பதிவும் வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஒரு நிபந்தனை: எல்லோரும் ஒரே பிஎன்ஆர் எண்ணில், அதாவது ஒரே முன்பதிவில், இருக்க வேண்டும். அப்பாவின் டிக்கெட்டை அவர் வேலை செய்யும் இடத்தில் ஒருவர் எடுக்க, அம்மாவுக்கும் பிள்ளைக்கும் ஊரில் இன்னொருவர் எடுத்தால், அப்பா பக்கத்தில் பிள்ளையை உட்காரவைக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை. டிக்கெட் எடுத்துத் தரும் பிரவுசிங் சென்டர் தம்பியிடம் ஒரே பிஎன்ஆர் வேண்டும் என்று சொல்லி எடுங்கள். கவுண்டரில் பணம் கேட்டால் உத்தரவைச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

ராஞ்சியில் நிறுத்தப்பட்ட பிள்ளை

விதியைப் பற்றிப் பேசும்போது 2022 மே 7 ராஞ்சியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. மாற்றுத்திறனாளியான ஒரு சிறுவன் அப்பா அம்மாவோடு ஹைதராபாத்துக்குப் பறக்க வந்தான். நெடுந்தூரம் காரில் வந்த களைப்பில் அவன் பதற்றமாக இருந்தான். மற்ற பயணிகளின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று சொல்லி இண்டிகோ ஊழியர்கள் ஏற்ற மறுத்தார்கள். உடன் பயணிக்க வந்தவர்களே அந்தக் குடும்பத்துக்காக வாதாடினார்கள். அவர்களில் மருத்துவர்களும் இருந்தார்கள். அப்படியும் விமானம் அந்தக் குடும்பத்தை விட்டுவிட்டுக் கிளம்பியது. விசாரித்த டிஜிசிஏ, அந்த மாதக் கடைசியில் இண்டிகோவுக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. ஊழியர்கள் கனிவோடு நடந்திருந்தால் பிள்ளை அமைதியாகியிருக்கும் என்றும் சொன்னது. பிறகு விதியையும் திருத்தியது: மாற்றுத்திறனைக் காரணம் காட்டி நிறுவனம் தானாக யாரையும் மறுக்க முடியாது, உடல்நிலை பற்றிச் சந்தேகம் இருந்தால் விமான நிலைய மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

மலையிலிருந்து வரும் எந்தப் பிள்ளையும் களைத்துத்தான் வரும். வளைவுகளில் வாந்தி எடுத்து, முகம் வாடி, முதன்முதலாகக் கண்ணாடிக் கதவுகளையும் துப்பாக்கி ஏந்திய காவலர்களையும் பார்த்து மிரண்டு வரும். அந்தப் பிள்ளை அழுதால் அது தொந்தரவு ஆகிவிடாது. முடிந்தவர்கள் முதல் நாளே சேலத்திலோ நாமக்கல்லிலோ தெரிந்தவர் வீட்டில் தங்கி, தூங்கி எழுந்து போவது நல்லது. புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே கவுண்டரை மூடிவிடுவார்கள், ரோட்டில் லாரி நின்றுவிட்டது என்ற காரணம் அங்கே எடுபடாது.

அப்பா பெயர் எது, பிள்ளை பெயர் எது

அடையாள அட்டை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உள்நாட்டுப் பயணத்தில் அப்பா அம்மா கூடப் போனால், அவர்களுடைய அட்டை இருந்தால் போதும், பிள்ளைக்குத் தனியாகப் புகைப்பட அட்டை தேவையில்லை என்பது விமானப் பாதுகாப்புப் பணியகத்தின் விதி. ஆனாலும் கைக்குழந்தை என்றால் வயதுக்கு ஆதாரம் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழோ தடுப்பூசி அட்டையோ கையில் இருக்கட்டும். தனியாகப் போகும் பிள்ளைக்கு அடையாள அட்டை கட்டாயம். ஐந்து வயதுக்கு முன் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகை இருக்காது, 5 வயதிலும் 15 வயதிலும் புதுப்பிக்க வேண்டும். பாட்டியின் பேரனுக்கு இருந்தது அந்த நீல ஆதார்தான்.

வெளிநாடு என்றால் பச்சைக் குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட். சிறுவர் பாஸ்போர்ட் 5 வருடத்துக்குச் செல்லும், அதற்குள் 18 வயது ஆனால் அதுவரைதான். விண்ணப்பத்தோடு பெற்றோர் இருவரும் சம்மத உறுதிமொழி தர வேண்டும். ஒருவர் விட்டுப் போயிருந்தால், காலம் முழுக்க அவரைத் தேட வேண்டியதில்லை. ஒற்றைப் பெற்றோருக்கு வேறு உறுதிமொழிப் படிவம் உண்டு. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்று 2016 டிசம்பரிலேயே வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்திவிட்டது. இது தெரியாமல் எத்தனையோ அம்மாக்கள் பிள்ளைக்குப் பாஸ்போர்ட்டே கிடைக்காது என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் தமிழர்களுக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இன்ஷியல்தான். விமான டிக்கெட்டில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். பள்ளியில் இன்ஷியலோடு ஒரு பெயர், ஆதாரில் அப்பா பெயரை நீட்டி ஒரு பெயர், டிக்கெட்டில் ஏஜென்ட் அடித்த பெயர் ஒன்று என்று மூன்று விதமாக இருந்தால் கவுண்டரில் நிற்க வேண்டியதுதான். 2022 நவம்பர் 21 முதல், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டில் பலர் திண்டாடினார்கள். குழந்தைக்குப் பெயர் பதியும் நாளிலேயே, இனி எல்லா ஆவணத்திலும் இப்படித்தான் என்று ஒரே எழுத்தில் முடிவுசெய்து எழுதிவிட்டால் பிள்ளை வளர்ந்த பிறகு நோட்டரி வாசலில் நிற்காது.

சரியான காகிதம் இல்லாவிட்டால் பிள்ளைகள் இழப்பது வாய்ப்புகளையும்தான். 2022 நவம்பரில் அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்கு விமானத்தில் அழைத்துப் போனார். கலை, சினிமா, வினாடி வினா என்று ஜெயிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி வெளிநாட்டுப் பயணம் கிடைக்கும் காலம் வந்திருக்கிறது. கொல்லிமலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன, செங்கரையில் ஏகலைவா மாதிரிப் பள்ளி இருக்கிறது. இங்கிருந்து ஒரு மலையாளிப் பழங்குடிப் பெண் நாளை மாநிலப் போட்டியில் ஜெயித்தால், பாஸ்போர்ட்டுக்குத் தரப்படும் சில வார அவகாசத்தில் அவள் சான்றிதழில் பெயர் சேர்க்க யார் ஓடுவது? ஜெயித்த பிறகு காகிதத்தில் தோற்கும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது.

இதைச் செய்ய வேண்டும்

விமான நிறுவனங்கள் தமிழ்நாட்டிலிருந்து தினமும் பறக்கின்றன, தமிழில் விளம்பரம் செய்கின்றன. குழந்தைகள் பற்றிய விதியை மட்டும் ஆங்கிலத்தில், இணையதளத்தின் அடியாழத்தில் வைத்திருக்கின்றன. தனியாகப் பறக்கும் குழந்தைக்கான வயது வரம்பு, படிவம், பொறுப்பு ஆகியவற்றை எல்லா உள்நாட்டு நிறுவனங்களுக்கும் பொதுவாக டிஜிசிஏ வகுத்து, மாநில மொழிகளில் வெளியிட வேண்டும். குடும்பம் சேர்ந்து உட்கார ஒரு உத்தரவு போட முடிந்தது என்றால் இதற்கும் முடியும்.

மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இன்னும் எளிமையானது. வருடத்துக்கு ஒரு முறை, பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தில், ராசிபுரம், நாமக்கல் பதிவாளர்கள் ஆதார் கருவியோடு செம்மேட்டுக்கு ஏறி வரட்டும். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு என்று நாடு நாடாகப் பெயரில்லாச் சான்றிதழ்களை வாங்கி, அங்கேயே பெயர் சேர்த்துக் கொடுக்கட்டும். குழந்தை விற்பனையைக் கண்டுபிடிக்க வீடு வீடாகப் போக முடிந்த துறையால், குழந்தைக்குப் பெயர் கொடுக்கவும் போக முடியும்.

வாசகர்களுக்கும் ஒன்று: பயணம் இருக்கிறதோ இல்லையோ, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பிள்ளைக்கு 15 வயது ஆவதற்குள் பதிவாளரிடம் போய்ச் சேர்த்துவிடுங்கள். பக்கத்து வீட்டில் படிக்காத தாய் இருந்தால் அவருக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.